பொதுப் பிளாக்கில் நான் மாற்றிய ஒரு வரி

சென்ற மாதம் ரேவதி போனில் கூப்பிட்டாள். தென்காசியில் நான் வேலை பார்த்த மருத்துவமனையின் இன்ட்ராநெட்டை இப்போது அவள்தான் கவனித்துக்கொள்கிறாள். எடுத்ததும் சலிப்பாகப் பேசினாள்.

"அக்கா, பொதுப் பிளாக்குல ஒரு கமா போடணும்னாலும் ரெண்டு பேரு பாத்துக் கையெழுத்துப் போடணும்னு ரூல் வச்சிட்டுப் போயிருக்கீங்களே, அது எதுக்கு? அரை நாளு போயிருது."

"ஏட்டி, அது நான் பண்ணின ஒரு தப்புனால வந்த ரூலு. போன்ல சொன்னா நெறய விட்டுப்போகும். எழுதித் தாரேன்" என்றேன்.

எழுத உட்கார்ந்த பிறகுதான், எங்கிருந்து தொடங்குவது என்ற சிக்கல் வந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே தொடங்குகிறேன்.

இருபத்தேழு வயதில் அந்த மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். என் கணவர் அப்போது சவூதியில், தம்மாமில் இருந்தார். வீட்டில் சும்மா இருக்க எனக்குப் பிடிக்கவில்லை. வாப்பாவுக்கு ஆஸ்பத்திரி வேலை என்றதும் முகம் சுருங்கியது. "போன் எடுக்கிற வேலதானே, யாரு கண்ணுலயும் படமாட்டேன்" என்று சொல்லிச் சமாளித்தேன். பதினெட்டு வருடம் ஒரே நாற்காலி. தென்காசி பெரிய ஆஸ்பத்திரிக்கும், குற்றாலம், செங்கோட்டை, சுந்தரபாண்டியபுரம் கிளைகளுக்கும் என் முன்னால் இருந்த டெலிபோன் போர்டு வழியாகத்தான் பேச்சு போகும். எந்த டாக்டர் எங்கே இருக்கிறார், ஆக்ஸிஜன் சிலிண்டர் யாரிடம் கேட்க வேண்டும், லீவ் படிவம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று ஊழியர்கள் கேட்கிற கேள்வி எல்லாம் என் காதில் விழுந்தது. எல்லோர் கையிலும் செல்போன் வந்ததும் போர்டைக் கழற்றிவிட்டார்கள். என்னை என்ன செய்வது என்று நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில் இன்ட்ராநெட் வந்தது.

இன்ட்ராநெட் என்றால், ஊழியர்கள் மட்டும் பார்க்கக்கூடிய இணையதளம். டியூட்டி பட்டியல், படிவங்கள், எந்த நோயாளி வந்தால் முதலில் என்ன செய்வது என்ற நடைமுறைகள் எல்லாம் அதில் இருக்கும். சென்னையிலிருந்து வந்த இரண்டு பேர் இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பக்கத்தை முழுதாக எழுத வேண்டாம், பிளாக் பிளாக்காக அடுக்கினால் போதும் என்றார்கள். தலைப்புக்கு ஒரு பிளாக், படத்துக்கு ஒன்று, அட்டவணைக்கு ஒன்று, தொலைபேசி எண்களுக்கு ஒன்று. வேண்டியதை இழுத்துப் போட்டால் பக்கம் தயார். கூடவே இன்னொன்றும் சொன்னார்கள். ஒரு பிளாக்கைப் 'பொது' என்று சேமித்துவைத்தால், அதையே எத்தனை பக்கத்தில் வேண்டுமானாலும் வைக்கலாம். ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்திவிடும். கேட்டபோது அது எனக்கு வரமாகத் தெரிந்தது.

எனக்கு மேலதிகாரியாக வந்தவர் முருகையா சார். ராணுவத்தில் மருத்துவ ஸ்டோரில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். என்னைவிட எட்டு வயது இளையவர். தனியே பேசும்போது 'அக்கா' என்பார், கூட்டத்தில் 'சரிபா மேடம்' என்பார். அந்த இரண்டும் ஒருநாளும் இடம் மாறியதில்லை. குரலை உயர்த்த மாட்டார். 'நல்லா இருக்கு' என்றும் சொல்ல மாட்டார். பக்கம் சரியாக வந்திருந்தால், "ம், படிக்க முடியுது" என்பார். அதுதான் அவர் கொடுக்கும் உச்சபட்சப் பாராட்டு.

நான் செய்த முதல் பக்கம் குற்றாலம் கிளைக்கானது. மேலே ஐந்தருவியின் படம், அதன் கீழ் டைரக்டரின் வாழ்த்துச் செய்தி, அதன் கீழ் இந்த மாதப் பிறந்தநாள்கள். பன்னிரண்டு பிளாக்குகளை அடுக்கிப் பெருமையாகக் காட்டினேன். சார் என்னைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் கிளைக்குப் போனார். ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம், "இதுல லீவ் படிவம் எங்க இருக்குன்னு பாருங்க" என்றார். அவள் அருவியைத் தள்ளினாள், டைரக்டரைத் தள்ளினாள், பிறந்தநாள்களில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்து, "நான் தென்காசிக்கு போன் போட்டுக் கேட்டுக்கிடுதேன் சார்" என்றாள்.

திரும்பி வரும்போது ஜீப்பில் சார் கேட்டார். "அக்கா, நீங்க போர்டுல இருந்தப்ப ஒருத்தர் லீவ் படிவம் கேட்டா, மொதல்ல டைரக்டரோட வாழ்த்துச் செய்திய வாசிச்சுக் காட்டுவீங்களா?"

எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பக்கம் என்பது போனுக்குப் பதில் நிற்கும் ஆள் என்று அன்று விளங்கியது. பதினெட்டு வருடம் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதினேன். ஒரு கேள்விக்கு ஒரு பிளாக். அதிகம் கேட்கப்படுவது மேலே. அருவிப் படத்தை எடுத்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் மலையே தெரிகிற ஊரில் அது எதற்கு?

சார் பக்கத்தைச் சோதிக்கும் முறை விசித்திரமாக இருக்கும். உட்கார்ந்து படிக்கவே மாட்டார். வார்டு கம்ப்யூட்டரின் முன் நின்றுகொண்டு, இடது கையில் ஊசித் தட்டை ஏந்திக்கொண்டு, வலது கையால் மட்டும் பக்கத்தை நகர்த்துவார். "நர்ஸு இப்படித்தான் நிப்பாங்க. ஒரு கைதான் சும்மா இருக்கும்" என்பார். மூன்று முறை தள்ளியும் பதில் வராவிட்டால் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார். அதற்கு விளக்கம் கிடையாது. நானே மறுபடி அடுக்க வேண்டியதுதான்.

அந்த வருடங்களில் சின்னச் சறுக்கல்கள் நிறைய. சீசன் நேரத்தில் மெயினருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டால், அடிபட்டவர்கள் வரக்கூடும் என்று ஒரு அறிவிப்பு பிளாக் போடுவேன். ஒருமுறை தடையை நீக்கிய பிறகும் அதை எடுக்க மறந்துவிட்டேன். நாலாம் நாள் எக்ஸ்ரே பிரிவு செல்வம் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"அக்கா, எங்க மாமனாரு மதுரையில இருந்து குடும்பத்தோட குளிக்க வந்தாரு. ஓங்க பேஜப் பாத்துட்டு, தடைன்னு நான் வீட்டுலயே உக்கார வச்சிட்டேன். ரெண்டு நாளு முறுக்கத் தின்னுட்டு ஊருக்குப் போயிட்டாரு. அங்கன போயி டிவில பாத்தா, அருவியில ஊரே குளிச்சிக்கிட்டு நிக்குது!"

சிரித்தோம். ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு அறிவிப்பு பிளாக்குக்கும் முடிவு நேரம் வைத்தேன். நேரம் வந்தால் தானே மறைந்துவிடும்.

இனி ரேவதி கேட்டதற்கு வருகிறேன்.

பாம்புக்கடிக்கு ஒரு நடைமுறைப் பக்கம் உண்டு. எங்கள் பகுதி வயலும் தோட்டமுமாக இருப்பதால் அது முக்கியமான பக்கம். நான்கு கிளைகளுக்கும் நான்கு பக்கங்கள். ஆனால் உள்ளே இருந்த முதல் பிளாக் ஒன்றுதான், பொது. காயத்தைக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, நோயாளியை நடக்க விடக் கூடாது என்பவை அதில் இருந்தன. கடைசி வரி, 'விஷமுறிவு மருந்து: அவசரப் பிரிவு ஃபிரிட்ஜ், மேல் தட்டு' என்பது. பக்கங்களை உண்டாக்கியபோது நான்கு கிளைகளிலும் மருந்து அங்கேதான் இருந்தது. அதனால் அந்த வரியையும் பொதுவில் வைத்தேன்.

ஒரு சாரல் காலத்துத் திங்கட்கிழமை. குற்றாலம் கிளையின் நர்ஸ் பொறுப்பாளர் கூப்பிட்டார். "அவசரப் பிரிவுச் செவரு ஓதமடிச்சு பிளக்கு பாயிண்ட் போயிருச்சுக்கா. மருந்த ஃபார்மசி ஃபிரிட்ஜுக்கு மாத்திட்டோம். பேஜுல மாத்திருங்க."

குற்றாலம் பக்கத்தைத் திறந்தேன். கடைசி வரியை 'ஃபார்மசி ஃபிரிட்ஜ், இரண்டாம் தட்டு' என்று மாற்றினேன். சேமிக்கும் முன், பக்கம் எப்படித் தெரியும் என்று கம்ப்யூட்டரைக் காட்டச் சொன்னேன். குற்றாலம் பக்கம் அழகாகத் தெரிந்தது. சேமித்தேன். இரண்டு நிமிட வேலை. அது பொதுப் பிளாக் என்ற நினைவு என் தலைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தென்காசியிலும் செங்கோட்டையிலும் யாரும் கவனிக்கவில்லை. பழையவர்களுக்குக் கை தானாக ஃபிரிட்ஜுக்குப் போகும், பக்கத்தைப் பார்க்க மாட்டார்கள். பக்கத்தை நம்புகிறவர்கள் புதிதாக வந்தவர்கள்தான்.

சுந்தரபாண்டியபுரம் கிளையில் முத்துமாரி என்ற நர்ஸ் சேர்ந்து இரண்டாவது வாரம். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டரை மணி வாக்கில், சூரியகாந்தித் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள் என்பவரை நல்ல பாம்பு கடித்துத் தூக்கி வந்தார்கள். கிளை டாக்டர் அன்று தென்காசிக்கு வந்திருந்தார். முத்துமாரி பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு வரியாக அதன்படியே செய்தாள். கடைசி வரியைப் படித்து ஃபார்மசிக்கு ஓடினாள். இரண்டாம் தட்டில் இருமல் மருந்தும் கண் சொட்டு மருந்தும்தான் இருந்தன. ஃபார்மசிக்காரர் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்தார். டாக்டருக்கு போன் செய்து மருந்து இல்லை என்றாள். "இல்லன்னா ஒரு நிமிஷம்கூட நிக்காதே, இங்க கொண்டு வா" என்றார் அவர்.

அது சூரியகாந்தி பூத்திருந்த நேரம். படம் எடுக்க வந்தவர்களின் கார்கள் சாலையின் இரண்டு பக்கமும் நின்றன. ஆம்புலன்ஸ் ஊர்ந்துதான் வந்தது. தென்காசி வந்து சேர்ந்தபோது பேச்சியம்மாளுக்கு இமை தூக்க முடியவில்லை, நாக்கு குழறியது. மருந்து ஏற்றி, மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள்.

மருந்து இல்லை என்ற சொல் முருகையா சாருக்கு ஒட்டவில்லை. ஸ்டோரும் அவர் பொறுப்பில்தான் இருந்தது, போன மாதம் அவரே எண்ணிவைத்த குப்பிகள் அவை. மாலையில் கிளைக்கு போன் செய்து அவசரப் பிரிவு ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கச் சொன்னார். மேல் தட்டில் பத்துக் குப்பிகளும் அப்படியே இருந்தன. நோயாளியைப் படுக்க வைத்திருந்த கட்டிலிலிருந்து பத்தடி தூரம்.

மறுநாள் காலை நர்சிங் சூப்பிரண்டென்ட் அறையில் கூட்டம். குறிப்பெடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். முத்துமாரி சுவரோரம் நின்றாள். முதல் நாள் உடுத்த சீருடைதான், கசங்கியிருந்தது.

"பத்தடியில மருந்து இருக்கு, அத எடுக்காம இல்லைன்னு சொல்லியிருக்கே" என்றார் சூப்பிரண்டென்ட்.

"பேஜுல ஃபார்மசி ஃபிரிட்ஜுன்னு போட்டிருந்துச்சு மேடம். ரெண்டு தடவ படிச்சேன்."

"பேஜுல தப்பா இருக்குமா? சரிபாக்கா போட்டது அது. பதட்டத்துல நீதான் மாத்திப் படிச்சிருப்பே."

முத்துமாரி என்னைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. அவளுக்கே தன் கண்மேல் சந்தேகம் வந்துவிட்டது போன்ற பார்வை. பயிற்சிக் காலத்தில் இருப்பவளை வேலையிலிருந்து நீக்குவதென்று பேசி, உத்தரவை மதியத்துக்குள் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். அதையும் என்னிடம்தான் சொன்னார்கள்.

என் இடத்துக்கு வந்து சுந்தரபாண்டியபுரம் பக்கத்தைத் திறந்தேன். 'ஃபார்மசி ஃபிரிட்ஜ், இரண்டாம் தட்டு.' செங்கோட்டை பக்கம், தென்காசி பக்கம், எல்லாவற்றிலும் அதே வரி. யார் எப்போது மாற்றினார் என்று காட்டும் சரித்திரப் பட்டியலைத் திறந்தேன். மாற்றியவர் பெயர்: சரிபா. திங்கள், காலை பத்தே கால்.

மறைக்காமல் எழுதுகிறேன். என் கை மவுஸுக்குப் போனது. ஒரு வரியைப் பழையபடி மாற்றினால் முடிந்தது. சரித்திரப் பட்டியலைத் திறந்து பார்க்கத் தெரிந்தவள் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான். ஒரு நிமிடம் இருக்கும், அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

முதலில் தவறான பக்கத்தையும் சரித்திரப் பட்டியலையும் அச்செடுத்தேன். அதன் பிறகே வரியைத் திருத்தினேன். நான்கு கிளைகளுக்கும் போன் செய்து மருந்து எங்கே இருக்கிறது என்று சொன்னேன். தாள்களை எடுத்துக்கொண்டு முருகையா சார் அறைக்குப் போனேன்.

"சார், அந்தப் புள்ள சரியாத்தான் படிச்சிருக்கா. தப்பு என்னுது."

"உக்காருங்கக்கா" என்றார். தாள்களை வழக்கம்போல நின்றுகொண்டே படித்தார். படித்து முடித்ததும் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பேனா மூடியைக் கழற்றினார்.

"மாத்தும்போது மனசுல என்ன நெனச்சீங்க?"

"குற்றாலத்துக்கு மட்டும்தான் மாத்துதேன்னு."

"அப்படி நெனைக்க வச்சது எது?"

"சேமிக்கு முன்னால குற்றாலம் பேஜு மட்டும்தான் தெரிஞ்சுது சார். மத்த மூணும் கண்ணுக்குத் தெரியல."

அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு எழுந்தார். "டைரக்டர் கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் கூட நிக்குதேன்."

சொன்னேன். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "ஒரு உயிர் போயிருக்கும் சரிபா" என்றார். ஆமாம் என்றேன். முத்துமாரியின் உத்தரவு நின்றது. எனக்கு மெமோ வந்தது. அடுத்த சீசன் வரை பக்கங்களில் கை வைக்கும் உரிமையை எடுத்துவிட்டார்கள். நியாயம்தான்.

மூன்றாம் நாள் பேச்சியம்மாளுக்கு மூச்சுக் குழாயை எடுத்தார்கள். நான் வார்டுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. வேண்டாம், வம்பாகும் என்றுகூட ஒருவர் சொன்னார். பேச்சியம்மாளின் கணவர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார்.

"அண்ணாச்சி, மருந்து எங்க இருக்குன்னு நர்ஸுங்க பாக்கறதுக்கு எழுதி வைக்கிற வேல என்னுது. நான் தப்பா மாத்திட்டேன். அதான் ஓங்க ஊருல மருந்து இருந்தும் போடல. அந்த நர்ஸுப் புள்ள மேல தப்பு இல்ல."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பேச்சியம்மாள்தான் கண்ணைத் திறந்து, கரகரத்த குரலில், "அந்தப் புள்ளைய வேலைய விட்டு எடுத்துட்டாங்களா?" என்றார்.

"இல்ல, இருக்கா."

"வழியெல்லாம் எங் கையப் புடிச்சிக்கிட்டே வந்தா. கண்ண மூடாதீங்க மதினின்னு சொல்லிக்கிட்டே வந்தா" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நீங்க இனிமே பாத்து எழுதுங்க" என்றார்.

அவர் கணவர் அப்போதும் என்னைப் பார்க்கவில்லை. மன்னித்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

அந்த வாரம் சாரும் நானும் நான்கு கிளைகளுக்கும் போனோம். ஒவ்வொரு ஃபிரிட்ஜின் முன்னாலும் நின்று, நான் பக்கத்தைச் சத்தமாக வாசிக்க, அதில் சொன்ன இடத்தில் அவர் கையை விட்டு எடுப்பார். மருந்து கையில் வந்தால்தான் அடுத்த பக்கம். விஷமுறிவு மருந்து மட்டுமில்லை, வேறு ஆறு பொருட்களின் இடமும் பொதுப் பிளாக்குகளுக்குள் கிடந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

அதன் பிறகு வந்தவைதான் ரேவதி சலித்துக்கொள்ளும் விதிகள். எல்லா ஊருக்கும் ஒன்றாக இருப்பது மட்டுமே பொதுப் பிளாக்கில் இருக்கலாம். பாம்பு கடித்தால் கட்டக் கூடாது என்பது எல்லா ஊருக்கும் ஒன்றுதான், ஃபிரிட்ஜ் இருக்கும் இடம் அப்படி இல்லை. இடம் சொல்லும் வரி ஒவ்வொரு கிளைக்கும் தனிச் சின்ன பிளாக். அதன் அடியில் பொறுப்பாளர் பெயர் இருக்கும். அந்த ஃபிரிட்ஜை மாதாமாதம் தன் கையால் திறந்து பார்ப்பவர்தான் பொறுப்பாளர், மேஜையில் உட்கார்ந்திருப்பவர் அல்ல. பொதுப் பிளாக்கைத் தொட்டால், அது இருக்கும் எல்லாப் பக்கங்களையும் அச்செடுத்து, மாற்றியவரும் இன்னொருவரும் ஒவ்வொன்றையும் வாசித்துக் கையெழுத்துப் போட வேண்டும். கமாவுக்கும் சேர்த்துத்தான். எது வெறும் கமா, எது உயிர் என்று அவசரத்தில் இருக்கும் மனதுக்குத் தெரியாது, ரேவதி. எனக்குத் தெரியவில்லை.

உரிமை திரும்பக் கிடைத்த பிறகு ஆறு வருடம் வேலை பார்த்தேன். வேறு தவறுகளும் செய்தேன். எதுவும் வார்டு வரை போகவில்லை. நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே முருகையா சார் திருநெல்வேலிக்கு மாறிப் போய்விட்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ரேவதி மறுபடி கூப்பிட்டாள். கேள்வி கேட்டால் கம்ப்யூட்டரே பதில் சொல்லும் புதிய ஏற்பாடு ஒன்று வரப்போகிறதாம். பழைய பிளாக்குகள் எல்லாவற்றையும் அதற்குள் ஏற்றப் போகிறார்களாம். பட்டியலை அனுப்பினாள், ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லி. பார்த்துக்கொண்டே வந்தேன். சுந்தரபாண்டியபுரம் விஷமுறிவு மருந்து பிளாக்கில், பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. அங்கே நர்ஸ் பொறுப்பாளர் இல்லாமல் இருந்த இரண்டு மாதத்துக்கென்று தற்காலிகமாகப் போட்டது. மாற்றாமலே ஓய்வு பெற்றிருக்கிறேன்.

"ஏத்துறத நிறுத்து ரேவதி. நான் எட்டு மாசமா வீட்டுல இருக்கேன். அந்த ஃபிரிட்ஜ இப்ப யாரு தொறக்கா?"

விசாரித்துச் சொன்னாள். முத்துமாரிதான் இப்போது அந்தக் கிளையின் நர்ஸ் பொறுப்பாளர். அவள் பெயரைப் போடச் சொன்னேன்.

அரை மணி நேரத்தில் என் போன் அடித்தது. பேசியது முத்துமாரி. மூச்சு வாங்கியது, படி ஏறி வந்தவள் போல.

"அக்கா, எம் பேரப் போட்டிருக்காங்கன்னு ரேவதி சொல்லுதா. நான் இப்பதான் போயி ஃபிரிட்ஜத் தொறந்து பாத்துட்டு வாரேன். மேல் தட்டுதான். பத்துக் குப்பி இருக்கு."